கிழக்குக் கூரைத் தண்ணீர்

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் கூரையின் கிழக்கு விளிம்பில் மட்டும் மழைத்தண்ணீர் பிடிக்கும் தகரம் கிடையாது. சொட்டு மழைக்கு ஏங்கும் கோதுமைக்காட்டு ஊரில் இப்படி ஒரு கூத்து. யாராவது மாட்டப் போனால் நோரின் டூலன் சண்டைக்கு வந்துவிடுவாள். கோயிலைக் கூட்டுவது, பூ வைப்பது எல்லாம் அவள்தான் என்பதால் பொறுத்துக்கொண்டோம். கிறுக்கி என்று நானே சொல்லியிருக்கிறேன், நாற்பது வருஷம் பக்கத்துப் பண்ணையில் இருந்துகொண்டு.

பூசைக்கு வருவது ஆறு பேர்தான் என்றானதும் ஆயர் கோயிலை மூடினார். மெல்போர்னிலிருந்து பெட்ரா என்ற பெண் குடியிருக்க வாங்கினாள். அன்றுதான் நோரின் என் சமையலறையில் உடைந்து அழுதாள்.

"கோயில் கிழக்குச் சுவரோரம் என் பொண்ணு இருக்கா, பெவ். அறுபத்தெட்டாம் வருஷம் செத்தே பொறந்தா. ஞானஸ்நானம் இல்லாததுக்குக் கல்லறையில இடமில்ல, மோட்சமும் இல்லன்னுட்டார் அப்ப இருந்த ஃபாதர். என் வீட்டுக்காரர்தான் யாருக்கும் தெரியாம அங்க புதைச்சார். கோயில் கூரைத் தண்ணி மேல சொட்டினா அதுவே ஞானஸ்நானம்னு எங்க ஐரிஷ் ஆளுங்க நம்பிக்கை."

என் வாய்க்கொழுப்பை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. அவளை இப்போதைய ஃபாதரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசு, நல்ல மனிதர்.

"அந்தப் பயமெல்லாம் இப்ப வேண்டாம், நோரின். உங்க பிள்ளை கடவுள்கிட்டதான் இருக்கா."

"எப்போலேர்ந்து?"

"திருச்சபை அப்படிச் சொல்லிக் கொஞ்ச வருஷமாச்சு."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

நோரின் அவரை நம்பவில்லை. முன்னால் இருந்தவரும் இதே அங்கி போட்டவர்தானே.

பெட்ராவிடம் போய்த் தகரம் மாட்டாதே என்று மட்டும் கெஞ்சினாள். உண்மையைச் சொன்னால் பிள்ளையைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

"தண்ணிய வீணாக்கலாமா, நோரின்?" என்றாள் பெட்ரா. நான் வாயைத் திறக்கப் போனேன். நோரின் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

ஜூலையில் நல்ல மழை. மறுநாள் பெட்ரா எங்களைக் கூப்பிட்டாள். கிழக்குக் கூரையில் தகரம் மாட்டி, சுவரோரம் முழுக்க சிமெண்ட் போட்டு, அதன் மேல் புதுத் தொட்டி வைத்திருந்தாள். குழாயைத் திறந்து நோரினுக்கு ஒரு டம்ளர் நீட்டினாள்.

"முதல் தண்ணி உங்களுக்குத்தான்."

நோரின் குடிக்கவில்லை. சுவரோரம் போய் ஊற்றினாள். தண்ணீர் சிமெண்டின் மேலேயே பரவி நின்றது. அவள் மண்டியிட்டு, மண் எங்கே என்று தேடி, உள்ளங்கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனாள்.

"என்ன பண்றாங்க?" என்றாள் பெட்ரா.

நானும் பக்கத்தில் மண்டியிட்டுத் தள்ளினேன்.