ரோசியின் விபத்தில்லா நாட்கள்

மாட்டுக்கும் நாய்க்கும் கட்டுப்போட்டு வயிறு வளர்க்கும் எங்கள் தொழிலில், நோயாளி வாய் திறந்தால் கடிக்கும். கூட வந்தவர் வாய் திறந்தால் தலை சுற்றும். எதையாவது வளர்க்கும் உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

மஞ்சள் முதுகு

கவரைப்பேட்டையில் எங்கள் டாக்டரம்மாவிடம் நான் கம்பவுண்டர். ஒருநாள் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைத் தொழிலாளி அந்தோணி, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே, வால் மட்டும் வெளியே தொங்க, ஒரு இகுவானா, அவர் வளர்க்கும் பெரிய பல்லி. பெயர் ரோசி. உடம்பு பச்சை, முதுகு மட்டும் மஞ்சள்.

கூண்டில் சூட்டுக்காகத் தொங்கவிட்ட பல்பு முதுகைச் சுட்டுவிட்டதாம். மனிதர் மஞ்சள்தூளை அப்பியிருந்தார். வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவக் கழுவ அது போகவே இல்லை. அடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பாவமாக இருந்தாலும் கடிந்துகொண்டேன்.

"எங்க ஊட்ல யாருக்குக் கை சுட்டாலும் இதான் சார் போடுவோம். இதுவும் ஊட்டுப் பொண்ணுதானே!"

கூண்டுக்கு மேலே போர்டு

டாக்டரம்மா அயோடின் மருந்தை வெளிர் டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து துடைத்தார். கூண்டில் மணலை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் விரிக்கச் சொன்னார். பல்புக்கு வலைத் தடுப்பு. "இந்த ஒரு வாரம் தாண்டணும். புண்ணு கறுத்தா உடனே வாங்க" என்றார்.

நான்காம் நாள் மருந்து போட அந்தோணி வீட்டுக்குப் போனேன். ஆலை வாசலில் இருப்பதைப் போலவே கூண்டுக்கு மேல் ஒரு போர்டு: 'விபத்தில்லா நாட்கள்: 4'. சிரிக்க முடியவில்லை. ரோசி கண்மூடிக் கிடந்தாள். போட்ட முருங்கைக்கீரை அப்படியே வாடியிருந்தது. அந்தோணியின் மனைவி மேரி அலுத்துக்கொண்டார்.

"ஷிப்ட் முடிச்சி வந்து ஷூ கூட கழட்டாம அது முன்னாலயே குந்திக்கினு கீறாரு. அது துன்னாதான் இவரும் துன்னுவாராம்!"

மறுபடியும் பூஜ்யம்

சில வாரம் கழித்து இருவரும் ரோசியோடு வந்தார்கள். முதுகில் புதுத்தோல்! செம்பருத்திப் பூவை ருசித்து மென்றுகொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கொஞ்சவேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தோணி கையிலிருந்த போர்டில் பூஜ்யம்.

"ஐயோ, மறுபடியும் சுட்டுக்கிச்சா?" என்று பதறினேன்.

அந்தோணி மெதுவாக விரலை நீட்டினார். பூ ஊட்டும்போது ரோசி பூவோடு சேர்த்து விரலையும் கடித்திருக்கிறாள். யாருக்கு அடிபட்டாலும் பூஜ்யத்துக்கு வந்துவிடவேண்டும், அதுதான் ஆலை விதி. நான் பஞ்சை எடுக்க, மேரி பையிலிருந்து சின்ன டப்பாவை வெளியே எடுத்தார்.

"டாக்டரம்மா, இவருக்காவது மஞ்ச தடவலாமா, இல்ல இவருக்கும் கூடாதா?"

அன்று முதல் எங்கள் கிளினிக் சுவரிலும் அதே மாதிரி ஒரு போர்டு தொங்குகிறது. அதில் இரண்டு இலக்க எண் எழுதும் பாக்கியம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.