வானத்தில் மகள், ஸ்டியரிங்கில் அவர்

என் மகள் விமானத்திலிருந்து குதிக்கப் போகிறாள் என்ற செய்தி, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தது. கண் ஏற்கெனவே கலங்கியிருந்ததால் நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகளின் வார்டில் வேலை செய்கிறாள். அந்த வார்டுக்கு நிதி சேர்ப்பதற்காக அவளும் கூட வேலை செய்கிற சிலரும் பரசூட் கட்டிக்கொண்டு குதிக்கிறார்களாம். இந்த நாட்டு வழக்கம் அது. நல்ல காரியத்துக்கு உதவுங்கள் என்று சும்மா கேட்டால் போதாது. யாராவது தலையை மொட்டை அடிக்கவேண்டும், மரதன் ஓட்டம் ஓடவேண்டும், அதுவும் இல்லையென்றால் வானத்திலிருந்து விழவேண்டும்.

"உனக்கென்ன விசரே?" என்றேன்.

"தனியக் குதிக்கிறேல்லை அம்மா. இன்ஸ்ட்ரக்டரோட சேர்த்துக் கட்டிவிடுவினம். நான் சும்மா தொங்கிக்கொண்டு வந்தாச் சரி."

"முன்பின் தெரியாத ஒருத்தனோடையோ?"

பயத்தில் வாய் எதையோ உளறியது. அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்த நேரம் பார்த்து என் கணவர் நித்திரையால் எழும்பிக் கீழே வந்தார். நோர்த் சேர்குலர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வெயார்ஹவுஸில் அவருக்கு இரவு ஷிப்ட். ஊர் எழும்பும்போது படுத்து, ஊர் வீடு திரும்பும்போது எழும்புகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிள்ளை ஆசைப்படுறாள். விடுமன்" என்றார். தேத்தண்ணியைக் குடித்தார், கார்ச் சாவியை எடுத்தார், போய்விட்டார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதுகூட, பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கைப் போடுகிற கை திடீரென்று நின்றுவிடும். கயிறு அறுந்தால்? பரசூட் விரியாவிட்டால்? அந்த இன்ஸ்ட்ரக்டருக்கு நடுவானில் நெஞ்சுவலி வந்தால்? இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களே, யாரைக் கூப்பிடுவது?

மகள் சமாதானம் சொன்னாள். "பரசூட்டை விட நீங்கள் ஒவ்வொரு நாளும் ஏறுற கார் ஆபத்து அம்மா. அதுக்கு ஏன் பயப்பிடுறேல்லை?"

இந்தப் பேச்சை நான் லேசில் விடவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் மைலுக்குக் கணக்குப் பார்க்கிறார், இன்னொருவர் குதிக்கிற தடவைக்குக் கணக்குப் பார்க்கிறார். கத்தரிக்காயை நிறுத்தும் முட்டையை எண்ணியும் வாங்கிவிட்டு எது மலிவு என்று சண்டை பிடிப்பது போல இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஒரு தடவை குதிப்பதையும் ஒரு தடவை காரில் கடைக்குப் போய் வருவதையும் பக்கத்தில் வைத்தால், குதிப்பதுதான் ஆபத்து. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மகளைக் கூப்பிட்டேன்.

"பொய்தானே சொன்னனீ? ஒரு தரத்துக்கு ஒரு தரம் பாத்தா, குதிக்கிறதுதான் கூட ஆபத்து."

"ஓம் அம்மா, அது சரிதான்" என்றாள் அவள் உடனே. "ஆனா நான் ஒருக்காத்தான் குதிக்கப்போறன். அப்பா ஒவ்வொரு நாளும் கார் ஓடுறார். அதுவும் நித்திரை இல்லாமல். அதையெல்லாம் கூட்டிப் பாருங்கோ."

"அப்பா எத்தினை வருசமா ஓடுறார். அவருக்கு ஒண்டும் வராது" என்று சொல்லி அந்தக் கதையை அத்தோடு முடித்துவிட்டேன். கார் ஓடப் பழகு என்று எத்தனையோ தரம் சொல்லியும், லண்டனில் ட்ரெயின் இருக்க எனக்கேன் கார் என்று தட்டிக்கழித்தவள் அவள். ஸ்டியரிங் பிடிக்கப் பயம், வானத்திலிருந்து குதிக்கப் பயமில்லை. எனக்கும் ஓடத் தெரியாது என்பதை அந்த இடத்தில் நான் ஞாபகப்படுத்தவில்லை.

குதிக்கிற ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையாரிடம் போனேன். கார் வாங்கினபோது சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தது இதே கோயிலில்தான். பரசூட்டுக்கு எதை எங்கே வைப்பது? ஐயரிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது. மகளின் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்தேன். பிறகு யோசித்து, முன்பின் தெரியாத அந்த இன்ஸ்ட்ரக்டருக்காகவும் ஒரு தேங்காய் உடைத்தேன். மகளின் உயிர் அவர் இடுப்பில் அல்லவா தொங்கப்போகிறது. அவருக்கு என்ன நட்சத்திரமோ, பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஞாயிறு வந்தது. கூட வேலை செய்கிறவர்களுடன் ட்ரெயினில் போகிறேன் என்று மகள் சொன்னதை என் கணவர் காதிலேயே வாங்கவில்லை. "பிள்ளை இப்பிடி ஒரு காரியத்துக்குப் போகேக்கை தாய் தேப்பன் வீட்டிலை இருக்கிறதே? ஆர் என்ன சொல்லுவினம்?" என்றார். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு விடியத்தான் வந்திருந்தார். முகத்தைக் கழுவினார், உடுப்பை மாற்றினார், காரில் ஏறினார். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு ரெய்னர்ஸ் லேன் வீட்டை விட்டுப் புறப்பட்டோம்.

எங்கள் சனத்தில் முன்சீட்டில் இருக்கிற மனைவிக்கு ஒரு உத்தியோகம் உண்டு. ஓடுகிறவருக்கு நித்திரை வராமல் வாயில் எதையாவது வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். தோடம்பழம் உரித்துக் கொடுப்பது, பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டுவது, ரோல்ஸைப் பிய்த்து ஊட்டுவது. நான் அதில் கைதேர்ந்தவள். மோட்டர்வேயில் அவர் வாயைத் திறப்பார், பார்வை ரோட்டில் இருக்கும், என் கை சரியாக வாய்க்குப் போகும். அன்றைக்கும் அப்படித்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் என் கண் முழுக்க மேலே இருந்தது. காற்று அடிக்கிறதா, மரம் அசைகிறதா, முகில் கறுக்கிறதா என்று கண்ணாடியால் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் மகள் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தாள். குதிக்கப் போகிற பயம் என்று நினைத்தேன்.

திடீரென்று காருக்குள் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். கதவு, சீட், என் கையில் இருந்த பிளாஸ்க் எல்லாம் அதிர்ந்தன. மோட்டர்வேயின் ஓரக் கோட்டில், சில்லு ஏறினால் அப்படிச் சத்தம் வரும்படி செய்திருப்பார்கள். அவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை வெட்டினார். பின்னால் வந்த லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது.

"அப்பா!" என்று மகள் கத்தினாள்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. காத்து இழுத்திட்டுது" என்றார்.

மரங்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. நான் இன்னொரு ரோல்ஸை எடுத்து அவர் வாயில் வைத்தேன். காற்று இருந்தால் பரசூட்டை என்ன செய்யும் என்ற யோசனைதான் எனக்கு அப்போதும்.

அந்தச் சின்ன விமான நிலையத்தில் ஒரு புல்வெளி, ஒரு கொட்டகை, பிளாஸ்டிக் கதிரைகள். முகில் விலகட்டும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். யாரும் அவசரப்படவில்லை. முகில் விலகாவிட்டால் இன்னொரு நாள் வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதில் அவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. மகளிடம் சாப்பிட்டீரா, நன்றாக நித்திரை கொண்டீரா என்று கேட்டார்கள். பட்டியை ஒருவர் இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் பார்த்ததை இன்னொருவர் வந்து முதலிலிருந்து பார்த்தார். என் வயிற்றுக்குள் கொஞ்சம் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் மகள் வந்து, "அம்மா, எனக்கெண்டு போட்ட இன்ஸ்ட்ரக்டர் மாறியிட்டார். வேற ஒரு ஆளோட போறன்" என்றாள்.

கடைசி நேரத்தில் ஆள் மாறுவது நல்ல சகுனமா? நான் உடைத்த தேங்காய் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? "ஏன், அவருக்கு என்ன?" என்றேன்.

"ராத்திரிச் சரியா நித்திரை இல்லையாம். இண்டைக்குக் குதிக்கேல்லை எண்டு அவரே சொன்னவராம்."

"அதுக்கு ஆரும் ஏசேல்லையோ?"

"ஏன் ஏசுறது? தேத்தண்ணி போட்டுக் குடுத்துக்கொண்டு நிக்கிறார், பாருங்கோ."

பார்த்தேன். நல்ல வாட்டசாட்டமான மனிதர். கொட்டகையில் நின்று எல்லோருக்கும் கோப்பை நீட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை. ஒரு இரவு நித்திரை இல்லாததற்கு வேலை செய்யமாட்டேன் என்கிற ஆம்பிளையை நான் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கண்டேன்.

முகில் விலகியது. மகளைக் கூப்பிட்டார்கள். வந்ததிலிருந்து காரைவிட்டு இறங்காத என் கணவரைக் கூப்பிடக் கார் நிறுத்தின இடத்துக்கு ஓடினேன். "இஞ்சேருங்கோ, பிள்ளை ஏறப்போறாள். வாங்கோ!" என்றேன். கண்ணை மூடியபடி, "நீர் போம், வாறன்" என்றார்.

விமானம் மேலே போய்ப் புள்ளியாகி, பிறகு அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. நான் புல்வெளியின் ஓரத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கந்தசஷ்டி கவசம் பாதியில் மறந்துபோனது. வாய்க்கு வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். யாரோ கையை நீட்டிக் காட்டினார்கள். நீலத்துக்குள் கறுப்பாக ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொன்று. அவை விழுந்துகொண்டிருந்தன. எது என் பிள்ளை என்று தெரியவில்லை. பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியாத உயரத்தில் ஒரு பிள்ளை இருக்கக்கூடாது. பிறகு மஞ்சளாக ஒன்று விரிந்தது. அடுத்ததும் விரிந்தது. நான் வேலியடியில் அப்படியே குந்திவிட்டேன்.

மகள் காலை நீட்டிக்கொண்டு புல்லில் வந்து அமர்ந்தாள். எழும்பி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவளை அடிப்பதா கொஞ்சுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

"அப்பா எங்கை?" என்றாள்.

அப்போதுதான் அவர் வரவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் காருக்குப் போனோம். அவர் தலை ஜன்னல் கண்ணாடியில் சரிந்திருந்தது. வாய் திறந்திருந்தது. சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் நான் கொடுத்த ரோல்ஸில் பாதி அப்படியே இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடியில் ஓங்கித் தட்டப் போனேன். பெற்ற பிள்ளை வானத்திலிருந்து விழுகிற நேரத்தில் ஒரு தகப்பனுக்கு நித்திரையா? தூக்கிய கை அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டது. அவர் அவளில் உயிரையே வைத்திருக்கிறவர். அவளுக்காகக்கூடக் கண்ணைத் திறந்து வைத்திருக்க அவரால் முடியவில்லை. இந்த மனிதர்தான் எங்களை மோட்டர்வேயில் கொண்டுவந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொண்டுபோவார். அதற்குப் பிறகு தனியாக வேலைக்கு ஓடுவார், விடியத் தனியாகத் திரும்பி ஓடிவருவார். மற்றப் பக்கக் கதவை மெல்லத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். நாங்கள் காரின் பக்கத்தில் புல்லில் இருந்தோம். அவர் எழும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது.

"ஐயோ, குதிச்சிட்டாளே? ஏன் என்னை எழுப்பேல்லை?" என்று பதறினார். மகளின் தலையைத் தடவினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "சரி, ஏறுங்கோ. நான் ஷிப்டுக்குப் போகோணும். சாவி எங்கை?"

"தரமாட்டன்" என்றேன். "இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை எண்டு போன் எடுத்துச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு இன்னும் கொஞ்சம் படுங்கோ. பிறகு போகலாம்."

"உமக்கென்ன பிடிச்சிருக்கு? இவ்வளவு காலத்திலை காரிலை ஒரு கீறல் விழுந்திருக்கே? எனக்கு வருத்தமோ, காய்ச்சலோ? என்னெண்டு சொல்லுறது?"

"ஏலாதெண்டு சொல்லுங்கோ."

அவர் மகளைப் பார்த்தார், தன் பக்கம் நிற்பாள் என்று. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்பா, நான் விமானக் கதவிலை நிக்கேக்கை பயப்பிடேல்லை. நீங்கள் ஓடுற காருக்குள்ளை பயந்துகொண்டுதான் வந்தனான். நீங்கள் கண்ணை மூடினதைக் கண்ணாடியிலை கண்டனான்" என்றாள்.

அவர் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போனார். இன்றைக்கு வரமுடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னது கேட்டது. ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. கடைசியில் "டயர்ட்" என்று ஒரு சொல் சொன்னார், ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் போல.

திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் இருந்தார். புல்லைப் பிடுங்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சில நாள், வீட்டு வாசல்லை காரை நிப்பாட்டினாப் பிறகுதான் எனக்கு நினைவு வாறது. எந்த ரோட்டாலை வந்தனான், எந்த லைட்டிலை நிண்டனான், ஒண்டும் தெரியாது. உமக்குச் சொன்னாப் பயப்பிடுவீர் எண்டு சொல்லேல்லை."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விடியலும் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் அடுப்படியில் நின்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் "வந்திட்டியளோ?" என்று கேட்பேன். "ஓம்" என்பார். அந்த ஓம் வராத ஒரு விடியல் இருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.