இருபது மீட்டர் வயர்

எங்கள் வீட்டுக்குப் புரொஜெக்டர் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. சென்னையில் இருக்கும் மாமா தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை எங்கள் தலையில் கட்டியிருந்தார். மிஷின் நன்றாகத்தான் இருந்தது. கூட வந்த வயர்கள்தான் முழ நீளம். டிவி ஸ்டாண்டில் இருக்கும் டிஷ் பெட்டியிலிருந்து எதிர்மூலையில் புரொஜெக்டர் வைக்கும் ஸ்டூல் வரை, கரெண்டுக்கு ஒன்றும் படத்துக்கு ஒன்றுமாக இரண்டு நீள வயர் வாங்க வேண்டும்.

அளக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அம்மாவின் தையல் டேப்பைச் சுவரோரமாக வளைத்து வளைத்து அளந்தேன். எப்படி அளந்தாலும் ஐந்து மீட்டர்தான் வந்தது. அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. பெரியப்பா மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும். அதற்குத்தான் வழி இல்லை. கரும்புக் கொல்லை வரப்பு ஓரடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கிளம்பிய சண்டையில், அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எதிரெதிர் வீடு, நடுவில் ஒரு சந்து. அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஈஷிக்கொண்டு திரிவோம். ஊருக்குள் பஸ் நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இறங்குவோம்.

அப்பாவும் நானும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். கடைக்கார பாய் நோட்டைப் பார்த்துவிட்டு ஐந்து மீட்டர் வயரை எடுத்து வைத்தார். அப்பா அதைத் தொடக்கூட இல்லை.

"ரெண்டுமே இருபது மீட்டர் குடுங்க பாய்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பா, அஞ்சுதாம்பா!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"கரெண்டு வயரு எவ்ளோ வேணா இழுங்க. படத்துக்கு வேணாங்க. பத்து மீட்டருக்கு மேல போனா சாதா வயர்ல படம் நிக்காது. அதுக்குன்னு வேற வயரு இருக்குது, சென்னையில இருந்துதான் வரணும்" என்றார் பாய்.

அப்பாவுக்கு வயர் என்றால் போர் மோட்டார் வயர்தான். மெல்லிசு வயரை நீளமாக இழுத்து ஒரு மோட்டாரைக் கருக்கியவர் அவர். "நீளம் ஜாஸ்தின்னா தடியா வாங்கணும், அவ்ளோதான பாய்?" என்று சொல்லிவிட்டு, கரெண்டுக்கு மோட்டார் வயரையே வெட்டச் சொன்னார். படத்துக்கு, கடையில் இருந்ததிலேயே பருமனான ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டார். கத்தரிக்காய் வாங்குவதுபோல வாங்குகிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாங்க இது, கெணத்துலயா எறக்கப் போறீங்க?" என்றாள் அம்மா, வீட்டில் வயர்ச் சுருளைப் பார்த்ததும். அப்பா சிரித்து மழுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அப்பா புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு சந்துக்குப் போனார். ஹாலில் புழுக்கமாம். வயரை ஜன்னல் வழியாக விட்டு, வாசலைத் தாண்டி இழுத்து, ஸ்டூலைச் சந்து நடுவில் போட்டார். எதிரில் பெரியப்பா வீட்டுச் சுவர், பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு மங்காமல் வெள்ளையாக இருந்தது. வாங்கித் தொலைத்த வயரை வீணாக்க மனசு வராமல்தான் இந்தக் கூத்து என்று நான் முடிவுகட்டினேன்.

தெருவே கூடிவிட்டது. பெரியப்பாவும் வாசலுக்கு வந்து நின்றார். அவர் பின்னாலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். அப்பா சுவிட்சைப் போட்டார். விளக்கு ஜம்மென்று எரிந்தது. ஆனால் சுவரில் நீல வெளிச்சம் மட்டும்தான். சிக்னல் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. அப்பா வயரைப் பிடுங்கிச் சொருகினார், துடைத்துச் சொருகினார், ஊதிச் சொருகினார். படம் ஒரு தரம் வெட்டிவிட்டுப் போயே போய்விட்டது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. வேர்வை வழிய நின்ற அப்பாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். பேச்சு நின்ற நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் தபால்காரி நான்தான்.

"ஏம்மா, உங்கப்பன்கிட்ட சொல்லு. எங்க வூட்டு டிஷ் பொட்டிய வெளிய எடுத்து வைக்கிறேன். பழைய குட்டை வயரு இருந்தா எடுத்தாரச் சொல்லு."

அப்பா மூன்றடி தள்ளித்தான் நின்றார். இருந்தாலும் ஒரு சொல் விடாமல் போய்ச் சொன்னேன். அப்பா வீட்டுக்கு ஓடிப் போய் மாமா கொடுத்த வயரை எடுத்து வந்தார். கரெண்டு எங்கள் வீட்டிலிருந்தும், படம் பெரியப்பா வீட்டிலிருந்தும் வந்தது. சுவர் முழுக்கப் பச்சை மைதானம். அவள் ஓடிவந்து என் மடிமேலேயே விழுந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்!

பெரியப்பா கீழே கிடந்த இருபது மீட்டர் வயரைக் காலால் நகர்த்திப் பார்த்தார். "இன்னாத்துக்காம் இம்மாம் நீளம்? உங்க ஹாலு இன்னா அவ்ளோ பெருசா?"

சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. முந்திரிக்கொட்டை மாதிரி நானே சொன்னேன். "இல்ல பெரியப்பா, எங்க ஹாலுக்கு அஞ்சு மீட்டரே போதும். நான்தான் அளந்தேன். பாய் வேணாம்னு சொல்லியும் கேக்காம அப்பாதான் இருபது வாங்கினு வந்துட்டாரு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா எங்கள் ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து வயர் வந்த வழியே பார்வையை நகர்த்தி, ஸ்டூலைப் பார்த்து, தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு, நான் நடுவில் இருப்பதையே மறந்தவர்போல,

"ஏன்டா நின்னுகினே இருக்கிற? குந்து" என்றார்.

அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை பேர் முன்னால் அப்பாவை மாட்டிவிட்டோமே, வீட்டுக்குப் போனதும் முதுகு பழுக்கப்போகிறது என்று மேட்ச் முடிகிறவரை நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.