ஷோகேஸுக்குப் போகாத கிலுகிலுப்பை

பொழிச்சலூர் வில்பிரட்டுக்கு மினுமினுப்பு என்றால் உயிர். ரிட்டையரான பிறகு மாடி அறையில் சின்ன லேத் போட்டு மரம் கடைய ஆரம்பித்த மனுஷன், எதைக் கடைந்தாலும் முகம் தெரிகிற அளவுக்கு வார்னிஷ் அடித்துவிடுவார். மனைவி ரோஸி இருந்தவரை அந்த நாற்றத்துக்காகத் தினமும் திட்டு விழும். இப்போது படுக்கையறையிலேயே அடிக்கலாம், கேட்க நாதியில்லை. அந்தத் திட்டுக்கு அவர் ஏங்கிப்போனார்.

கேளம்பாக்கத்தில் மகள் நிஷாவுக்குப் பையன் பிறந்ததும் கிலுகிலுப்பை ஒன்று கடைந்து கொடுத்தார்.

"சூப்பர்ப்பா! ஷோகேஸ்ல வெச்சிருக்கேன்" என்றாள்.

ஷோகேஸாம்! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் பீற்றிக்கொண்டார்.

போன மாதம் வீடியோ காலில் பார்த்தால், பல் முளைக்கிற பேரன் டிவி ரிமோட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான். பின்னால் கண்ணாடிக்குள் கிலுகிலுப்பை பளபளக்கிறது.

"அத எடுத்துக் குடேம்மா."

"ஐயையோ, வார்னிஷ் வயித்துக்குள்ள போய்டும்பா."

சுருக்கென்றது. அட மக்கு மனுஷா, குழந்தை வாயில் வைக்கிற பண்டத்துக்கு வார்னிஷா அடிப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை வருவதாக நிஷா சொன்னதும் வெப்பாலை மரத்தில் புதிதாக ஒன்று கடைந்தார். பூச்சுதான் பெரிய பேஜார். தேங்காயெண்ணெய் நாளாக நாளாகக் காறல் வாடை அடிக்கும். கடலையெண்ணெய் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. கடைசியில், சுழலும் மரத்தின்மேல் தேன்மெழுகுக் கட்டியை அழுத்தினார். சூட்டில் உருகி இறங்கியது. துணியால் தேய்த்தார். பளபளப்பு இல்லை, கைக்கு மட்டும் வழவழவென்றிருந்தது.

ருசி பார்க்க வேண்டாமா? நக்கினார், போதாதென்று ஒரு கடியும் கடித்தார். கசக்கவில்லை, உரியவில்லை. பல்தான் பதிந்துவிட்டது. பதியட்டுமே, பக்கத்தில் பேரன் பல்லும் பதியத்தானே போகிறது!

ஞாயிறன்று சர்ச்சுக்குப் போய்வந்து, மட்டன் குழம்பு வைத்துக் காத்திருந்தார். மதியம் போன் வந்தது.

"அப்பா, இன்னிக்கு வர முடியல. இவருக்கு ஆபீஸ் வேலை வந்துடுச்சு. புதுசா ஒண்ணு கடஞ்சேன்னு சொன்னியே, அத கூரியர்ல போட்டுடுப்பா, பத்திரமா வெச்சிக்கிறேன்."

"பத்திரமால்லாம் வேணாம்மா. அவன் கடிக்கட்டும்."

"கடிக்கிறதுக்கு ரப்பர்ல ஒண்ணு வாங்கிட்டேன்பா."

"சரிம்மா" என்றார்.

கிலுகிலுப்பையைத் தன் வீட்டு ஷோகேஸில், ரோஸி படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். மனசு கேட்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார். இன்றைக்கும் அதில் இருப்பது அவர் பல் தடம் மட்டும்தான்.