மச்சான் பார்த்துக் கொடுத்த மைலேஜ்

முதல் எஞ்சினைக் கருக்கிய பிறகு மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்: இரண்டாவதும் போனால் ரிமோட்டில் பறக்கவிடும் இந்தக் குட்டி விமான விளையாட்டையே விட்டுவிடுகிறேன் என்று. ஆகவே இந்த முறை வெகு ஜாக்கிரதை. மதுரை வெயிலுக்கு ஏற்றபடி வேகம் கூட்டும் நைட்ரோ குறைவாகவும் விளக்கெண்ணெய் தாராளமாகவும் கலந்த எரிபொருளாகப் பார்த்து வாங்கினேன். இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. எரிபொருளோடு வருகிற எண்ணெய்தான் அதற்கு உயிர். அதனால் கார்ப்பரேட்டரின் ஊசித் திருகைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். பின்னால் வெள்ளைப் புகை கோடு போட்டால் எஞ்சின் சௌக்கியம் என்று அர்த்தம்.

இதை எங்கள் ஊரில் யாருக்கும் புரியவைக்க முடியாது. புகை விடுகிற வண்டியைக் கண்டால் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட எழுந்து வந்து புத்தி சொல்வார். என் மனைவியின் அண்ணன் இன்னும் ஒருபடி மேல். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கும் பழைய பைக்கின் கார்ப்பரேட்டரை இறுக்கி, மைலேஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் காபியைத் தொடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிப் பக்கம் வறண்டு கிடந்த கண்மாய்க்கு நான், மனைவி, மச்சான் மூவரும் போனோம். எஞ்சின் ஓடத் தொடங்கியது. நான் ரிமோட்டோடு நிற்க, மச்சான் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார். புகை அழகாக வந்தது. எனக்கு நிம்மதி, அவருக்கு வயிற்றெரிச்சல்.

"என்ன மாப்ள, இம்புட்டுப் புகை? எண்ணெயக் குடிச்சே தீத்துரும்போலயே!"

"மச்சான், அதைத் தொடாதீங்க!"

தொட்டுவிட்டார். ஊசியை இறுக்கி ஒரே திருகு. புகை நின்றது, எஞ்சின் வீறிட்டது, விமானம் அவர் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பியது. சமணர் மலைக்கு எதிரே அது எழும்பிய வேகத்தைப் பார்த்து எனக்கும் புல்லரித்தது, மறைப்பானேன்.

"பாத்தீகளா!" என்றார் மச்சான். அவர் வாயை மூடுவதற்குள் மேலே சத்தம் அடங்கிவிட்டது.

சறுக்கிக்கொண்டே வந்து கருவேலஞ்செடிகளுக்கு ஓரமாகத் தரை தட்டியது. ஓடிப்போய்த் தூக்கினேன். இறக்கையில் கீறல்கூட இல்லை. ஆனால் விசிறியைச் சுற்றினால் அசையவில்லை. எண்ணெய் போதாமல் பிஸ்டன் உள்ளேயே இறுகியிருந்தது. எனக்கு அழுகை வராத குறை.

மச்சான் டேங்கைக் குலுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கவலைய விடுங்க மாப்ள. அம்புட்டு உசரம் போயும் டேங்க்ல முக்காவாசி அப்படியே இருக்கு!"

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கண்ணே இருக்கப்போயி இம்புட்டு மிஞ்சுச்சு," என்றாள். பிறகு என் கையில் இருந்த விமானத்தைப் பார்த்தாள். "சரி, நீங்கதான் இனிமே விடப்போறதில்லையே. மிஞ்சுனத என்ன செய்யப் போறீங்க?"