புது வண்டிக்கு ஏற்றிய இரண்டு பட்டை

1

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் நடை முடிந்து பிக்கப் வண்டி எங்கள் கம்பெனி வாசலில் வந்து நின்றது. டிரைவர் மரியதாஸ் இறங்கவில்லை. ஹாரனை மட்டும் இரண்டு முறை அடித்தார்.

“என்னய்யா, எறங்க வெத்தல பாக்கு வைக்கணுமா?” என்றேன்.

“இடது காலு எங்க இருக்குன்னே தெரியல அண்ணாச்சி. செத்த பாத்துச் சொல்லுங்க.”

சிரித்தபடிதான் சொன்னார். சட்டை முழுக்க வேர்த்திருந்தது. நான்கு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி இறக்கினோம்.

2

எங்களுடையது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி. கொள்முதலும் ஸ்டோரும் என் பொறுப்பு. தறிகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தன. காலி வண்டியாகப் போய்த் துணிக்கட்டுகளோடு திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து நடை.

இதற்காக எண்பத்தேழில் வண்டி பார்க்க மரியதாஸையும் மதுரைக்கு அழைத்துப் போனேன். ஒரு வண்டியில் பாடி ஓரடி நீளம் அதிகம். ஆனால் சீட் பலகை மாதிரி இருந்தது. இன்னொன்றில் மெத்தை சீட், முன்னும் பின்னும் நகரும். இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்.

“இதுல உக்காந்தா கல்யாண மாப்ள கணக்கா இருக்கு. எம் பொஞ்சாதி பாத்தா இன்னொரு தடவ கட்டிக்கிடுவா.”

நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு வசதி வேண்டும் என்று முதலாளியிடம் வாதாடி அதையே வாங்கினேன்.

வாங்கிய மூன்றாம் நாள் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினேன். எங்கள் ஊரில் புது வண்டி எதுவானாலும், லோடு தாங்குவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு இரும்புப் பட்டை கூடுதலாக வைப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

“பட்டை ஏத்தாம எவன் ரோட்டுக்கு வருதான்?” என்றார் பட்டறைக்காரர்.

சிமெண்டும் கம்பியும் ஏற்றுகிற வண்டிக்கு அது சரி. பேண்டேஜ் துணி இடத்தை அடைக்குமே தவிர, கனக்காது. ஒன்றரை டன் தாங்கும் வண்டியில் எங்கள் முழு லோடும் முக்கால் டன்னைத் தாண்டாது. ஒவ்வொரு கட்டின் எடையையும் பதிவேட்டில் எழுதியவனே நான்தான். அந்த எடைக்கு ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது, குலுக்கல் எல்லாம் ஓட்டுகிறவர் முதுகில்தான் இறங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

3

மூன்று மாதம் கழித்து மரியதாஸ் ஸ்டோருக்கு வந்தார்.

“காலி வண்டி தவள மாதிரிக் குதிக்குது அண்ணாச்சி. ஒவ்வொரு குழிக்கும் குறுக்கெலும்புல யாரோ மிதிக்காப்ல இருக்கு. அந்த ரெண்டு பட்டையைக் கழத்திருவமா?”

“அடுத்த வருசம் நூல் மூட்டையும் நாமதான் ஏத்தணும்னு மொதலாளி சொல்லுதாக. கழத்திட்டு மறுபடி மாட்டவா? பொறுத்துக்கோ.”

“மாப்ளைக்கு மாமியார் வீட்டு விருந்து இம்புட்டுத்தான் போல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூல் மூட்டை கடைசிவரை வரவில்லை. அதற்கப்புறம் இரண்டு தடவை கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். இடுப்பில் ஒரு துண்டை இறுகக் கட்டிக்கொண்டு ஓட்டினார். அது அவர் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

4

மதுரையில் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், இனி ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரியதாஸுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வேறு தொழில் தெரியாது.

வண்டி வாங்கப் போகும் இளையவர்கள் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதாது. ஏற்றப்போவது என்ன எடை என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஓட்டுகிறவர் முதல் தடவை சொல்லும்போதே கேளுங்கள்.

அவரை வீட்டுக்கு அழைத்து வர அதே வண்டியில் போனேன். பின்னால் மெத்தை விரித்துப் படுக்க வைத்திருந்தோம். நானும் அவர் மனைவி செல்வமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மரியதாஸ் கண் திறந்தார்.

“ரோடு புதுசாப் போட்டுட்டாகளா அண்ணாச்சி? வண்டி குலுங்கவே இல்ல.”



“ரோடு அதே ரோடுதான்” என்றார் செல்வம். “அண்ணாச்சிதான் நேத்து என்னமோ பட்டையைக் கழத்தச் சொன்னாகளாம்.”

மரியதாஸ் தலையை என் பக்கம் திருப்பினார்.

“கழத்த எம்புட்டு நேரமாச்சு?”

“நாப்பது நிமிசம்” என்றேன்.

அவர் முகத்தை வண்டியின் பக்கப் பலகையை நோக்கித் திருப்பிக்கொண்டார்.