அடுத்த நிலையம், சும்மா

நிலத்துக்கு இருபது மீட்டர் கீழே, எந்த ரயிலும் நிற்காத ஒரு ஸ்டேஷனில், ஒரு மேசை, ஒரு போன், இரண்டு தண்ணீர் பம்பு ஆகியவற்றுக்கு எட்டு மாதமாகக் கிளிதான் ராணி. கிளி என்பது அவள் பெயர் இல்லை. இலவு காத்த கிளி என்று அடுத்த ஸ்டேஷனின் அதிகாரி மீசைக்காரர் வைத்த பட்டம், ஒட்டிக்கொண்டது.

கட்ட ஆரம்பித்துப் பாதியில் கைவிட்ட ஸ்டேஷன் அது. ஆபத்தென்றால் ஆட்கள் இறங்க வேண்டுமே என்று நடைமேடையை மட்டும் ஒழுங்காக முடித்திருந்தார்கள். மற்றதெல்லாம் அரைகுறை. நகரும் படிக்கட்டுக்குப் பள்ளம் இருந்தது, படிக்கட்டு இல்லை. பெயர்ப்பலகைக்குக் கொக்கி இருந்தது, பலகையும் இல்லை, பெயரும் இல்லை. ஊற்றுத் தண்ணீருக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அதைப் பம்பு போட்டு வெளியேற்றுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டில் நீர்மட்டம் எழுதுவதும் கிளியின் வேலை. பக்கத்திலேயே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அதில் எட்டு மாதமும் ‘ஒன்றுமில்லை’.

ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் அவள் காகிதங்களைப் பறக்கவிட்டுக் கடந்து போகும். அவள் கையாட்டுவாள். கண்ணாடியில் மூக்கு நசுங்க ஒட்டியிருக்கும் குழந்தைகள் பதிலுக்கு ஆட்டும். படித்துப் பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று ஒரு ரயில் போகும்போது அவளுக்குத் தோன்றும். இதற்கென்ன குறை என்று அடுத்த ரயில் போகும்போது தோன்றும். இரண்டில் எது தன் எண்ணம், எது தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

தொல்லை அம்மாவிடமிருந்து வந்தது. சலவைக்கடையில் முப்பது வருஷம் துணி வெளுத்து மகளைப் படிக்க வைத்தவள் அவள். வேலை கிடைத்த அன்று, “ஸ்டேஷனைப் பாத்துக்கிற வேலைம்மா” என்று கிளி சொன்னாள். அதில் பொய் இல்லை. மறுநாளே “என் பொண்ணு ஸ்டேஷன் அதிகாரி” என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கிளி மறுக்கவில்லை. அங்கேதான் பொய் ஆரம்பித்தது.

“எந்த ஸ்டேஷன்டி?” என்று ஒருநாள் போனில் கேட்டாள் அம்மா.

“சும்மா ஒரு ஸ்டேஷன்மா.”

“பேரே சும்மாவா?”

பம்பு சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. “ம்” என்று வைத்துவிட்டாள் கிளி.

இந்தத் திங்கட்கிழமை இன்னொரு போன் வந்தது. தலைமை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர். ரயில்களில் புது அறிவிப்பு வருகிறதாம், ஸ்டேஷன் பட்டியல் தயாரிக்கிறாராம்.

“உங்க இடத்துக்கு என்ன பேரு மேடம்?”

“அது சும்மாதான் சார் இருக்கு.”

“சும்மா. சரி. ஒரு ‘ம’வா, ரெண்டா?”

அப்போதும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. “ரெண்டும் ஓடுது சார்” என்றாள் கிளி. எழுத்தர் நன்றி சொன்னார்.

அன்று சாயங்காலமே அம்மா அடுத்த குண்டைப் போட்டாள். “வெள்ளிக்கிழமை நானும் சித்தியும் உன் ஸ்டேஷனுக்கு வர்றோம். பதினோரு மணிக்கு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. இல்லாத பூசணிக்காயை எங்கிருந்து எடுத்துக் காட்டுவது? கிளி மீசைக்காரரிடம் ஓடினாள்.

“அம்மா வர்றப்ப பத்து நிமிஷம் உங்க நாற்காலில உக்காந்துக்கிறேன் சார்.”

“உக்காரு கிளி. ஆனா மீசை உனக்கு ஒட்டாது, அதை நீயே பாத்துக்கோ.”

வெள்ளிக்கிழமை பத்து மணி. மீசைக்காரரின் நாற்காலிக்குக் கிளம்ப அவள் தலைசீவிக்கொண்டிருந்தபோது ஒரு ரயில் வந்தது. வேகம் குறைந்தது. நின்றது.

கிளியின் கையில் சீப்பு அப்படியே நின்றது. கதவுகள் திறந்தன. உள்ளே ஒலிபெருக்கி தேன் குரலில் சொல்லிக்கொண்டிருந்தது: “இந்த நிலையம், சும்மா. இடப்பக்கக் கதவுகள் திறக்கும்.”

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, முதலில் அம்மா இறங்கினாள். பின்னாலேயே சித்தி. பிறகு இன்னும் பலர்.

“பாத்தியா, சும்மான்னு ஒரு ஸ்டேஷன் இருக்கா இல்லையா?” என்றாள் அம்மா சித்தியிடம். “அந்த டிக்கெட் கவுண்டர்காரன், ‘சும்மாலாம் போக முடியாதும்மா’ங்கிறான். மூணு தரம் சண்டை போட்டேன்.”

கிளி டிரைவரிடம் ஓடினாள். “ஏண்ணே நிறுத்துனீங்க?”

“பத்து மணியிலேர்ந்து புது லிஸ்ட். அதுல நிக்கச் சொல்லிருக்கு, நின்னேன். வரட்டாம்மா?” ரயில் போய்விட்டது.

கிளி தலையை எண்ணினாள். முப்பத்தேழு பேர். “நீங்கல்லாம் எதுக்கு இறங்குனீங்க?” என்றாள்.

“புது ஸ்டேஷனாச்சே, சும்மா பாக்கலாம்னு” என்றார் பை வைத்திருந்த ஒருவர்.

போன் அலறியது. கட்டுப்பாட்டு அறை.

“அங்க வண்டி ஏன் நின்னுச்சு?”

“சும்மான்னு பட்டியல்ல ஏறிடுச்சு சார்.”

“சும்மா எப்படிம்மா ஏறும்? சரி, அடுத்த வண்டி மட்டும் அங்க நிக்கும். அத்தனை பேரையும் பத்திரமா ஏத்தி விடணும். அங்க யாரு பொறுப்பு?”

கிளி சுற்றிலும் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

“நான்தான் சார்.”

அம்மா முழங்கையால் சித்தியை இடித்தாள். “கேட்டியா?”

அடுத்த ஆறு நிமிடம் கிளிக்குக் கால் தரையில் பாவவில்லை. பம்புக் கயிற்றை அவிழ்த்துப் படிக்கட்டுப் பள்ளத்துக்குக் குறுக்கே கட்டினாள். ஓரத்தில் நின்று படம் எடுத்த சித்தியைச் சுவரோடு நிறுத்தினாள். பைக்காரரைப் பார்த்து, “சார், கோட்டுக்குப் பின்னாடி” என்றாள். அவர் நகர்ந்தார். எல்லாரும் நகர்ந்தார்கள். தன் குரலுக்கு முப்பத்தேழு பேர் நகர்வதைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவும் தெரியவில்லை.

“உன் ரூம் எங்கடி?” என்றாள் அம்மா.

சொல்லாமலே தப்பித்துவிடலாம். ரயில் வர இரண்டு நிமிடம்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு பொய்யும் வாயில் நிற்கவில்லை.

“அம்மா, நான் அதிகாரி இல்ல. இங்க ரயிலே நிக்காது. நான் தண்ணி இறைக்கிறேன்.”

அம்மா பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். பம்பைப் பார்த்தாள். “ஒரு நாளைக்கு எவ்ளோ?”

“லட்சம் லிட்டர்.”

“வாளியா?”

“பட்டன்.”

“சோப்பு?”

“கிடையாது.”

அம்மா சித்தி பக்கம் திரும்பினாள். “நான் முப்பது வருஷமா வாளி தூக்குன தண்ணிய, இவ ஒரே நாள்ல பட்டனைத் தட்டி அனுப்பிடுறா. படிச்சவல்ல.” பிறகு மகளிடம், தணிந்த குரலில், “எட்டு மாசமா இதையா மறைச்ச? கழுத. தெருவுல சொன்னதை நான் மாத்தப் போறதில்ல. நீதானே பொறுப்புன்னு உன் வாயாலயே சொன்ன?” என்றாள்.

ரயில் நின்றது. அவசரப் பெட்டியிலிருந்து எடுத்த பச்சைக் கொடியோடு கிளி கதவு கதவாக ஓடி எண்ணினாள். முப்பத்தேழும் ஏறியது. கொடியை உயர்த்தினாள். ரயில் புறப்பட்டது. அவள் கொடி காட்டித்தான் புறப்பட்டது. அம்மா கண்ணாடியில் மூக்கு நசுங்க ஒட்டிக்கொண்டு கையாட்டிக்கொண்டே போனாள்.

மதியத்துக்குள் பட்டியலில் இருந்து சும்மாவை எடுத்துவிட்டார்கள். ரயில்கள் பழையபடி நிற்காமல் பறந்தன. மீசைக்காரர் போன் செய்தார். “என்ன கிளி, நாற்காலி காத்துக்கிட்டிருக்கு?”

“வேண்டாம் சார், பழம் பழுத்துடுச்சு” என்றாள்.

நோட்டைத் திறந்தாள். பத்து மணிக் கட்டம் காலியாகவே இருந்தது. நீர்மட்டம் வழக்கம்போல் என்று எழுதினாள். குறிப்பில் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுதினாள்: ‘முப்பத்தேழு பேர் வந்து போனார்கள். காரணம்: சும்மா.’